கேபிளை நிறுத்துவது கடைசி வேலை: அம்மாவின் சீரியல் தப்பாமல் ஓடிடிக்கு மாறும் முறை

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக் கேபிளை நிறுத்திய அன்று சாயங்காலம், அம்மா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணு, சன் டிவி எங்க போச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. டிவியில் செருகினால் இணையச் செயலிகளை ஓட்டும் புது ஸ்டிக் ஒன்று மாட்டியிருந்தேன், நெட்ஃபிளிக்ஸ் போட்டிருந்தேன், படம் பளிச்சென்று ஓடியது. ஆனால் எங்கள் வீட்டில் டிவியை அதிகம் பார்ப்பவர் அம்மா. அவர் பார்க்கிற ஒன்றுகூட அதில் இல்லை. மறுநாளே கேபிள்காரரைக் கூப்பிட்டு மறுபடி இணைப்பு வாங்கினோம். ஒன்றரை மாதம் கழித்துத்தான் முறையாக ஓடிடிக்கு, அதாவது இணையம் வழியாகவே டிவி பார்ப்பதற்கு, மாறினோம். அதன்பிறகு ஏற்காட்டில் சித்தி வீட்டுக்கும், கொண்டலாம்பட்டியில் ஒரு நண்பன் வீட்டுக்கும் நானே மாற்றிக் கொடுத்தேன்.

அந்த மூன்று வீடுகளில் கற்றதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முதல்முறை மாறுபவர்கள் பெரும்பாலும் கடைக்குப் போய் ஸ்டிக் வாங்குவதில் தொடங்குகிறார்கள். அது மூன்றாவது வேலை. கேபிளை நிறுத்துவது கடைசி வேலை.

1. டிவிக்குப் பக்கத்தில் ஒரு தாள்

ஒரு வாரம், டிவி ஸ்டாண்டில் ஒரு தாளும் பேனாவும் வையுங்கள். யார், எத்தனை மணிக்கு, எந்தச் சேனலில், எதைப் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள். "நான் ஒண்ணும் பார்க்கிறதில்லப்பா, சும்மா ஓடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். எங்கள் வீட்டுத் தாளில் அம்மாவின் பெயருக்கு நேராக மட்டும் ஏழு வரி இருந்தது.

இப்போது ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் அது எங்கே கிடைக்கும் என்று எழுதுங்கள். சன் டிவி, கே டிவி, சன் மியூசிக் எல்லாம் சன் நெக்ஸ்ட் செயலியில். விஜய் டிவி நிகழ்ச்சிகள் ஜியோ ஹாட்ஸ்டாரில். 2025 பிப்ரவரியில் ஜியோ சினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் ஒன்றான செயலி இது, ஐபிஎல்லும் இதில்தான். ஜீ தமிழ் என்றால் ஜீ5. தந்தி டிவி, புதிய தலைமுறை, பாலிமர் போன்ற செய்திச் சேனல்களுக்குக் காசே வேண்டாம், யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன. டிடி தமிழ் பார்க்கிறவர்களுக்கு பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலி இருக்கிறது.

எதிரில் எழுத ஒன்றும் கிடைக்காத வரி ஒன்றிரண்டு மிஞ்சும். பெரும்பாலும் அது ஊரின் லோக்கல் கேபிள் சேனல். ஆடியில் கோட்டை மாரியம்மன் விசேஷத்தை வீட்டிலிருந்தே பார்த்துப் பழகியவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அந்தச் சேனல் யூடியூபில் இருக்கிறதா என்று முன்பே தேடி வையுங்கள். இல்லையென்றால், அது வராது என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். மாற்றிய பிறகு சொன்னால் மனசு கஷ்டமாகிவிடும்.

தாளைப் பார்த்தபின் ஒரு கணக்கும் போடுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஃபைபர் இணையம் இருந்தால், மாறுவதில் காசு மிச்சமாக நல்ல வாய்ப்பு உண்டு. டிவிக்காக மட்டும் புதிதாக இணையம் போடப் போகிறீர்கள் என்றால் அநேகமாக மிச்சமாகாது. அந்த வீட்டுக்கு நான் சொல்வது வேறு. 2019 முதல் கேபிள் பில்லில் அடிப்படைக் கட்டணம் தனி, கட்டணச் சேனல்களின் விலை தனி. பார்க்காத சேனல் தொகுப்பை நீக்கச் சொல்லுங்கள், அதுவே போதும்.

2. இணையம்: டிவி இருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள்

நல்ல தெளிவான படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் வேகம் 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்), அதைவிடத் தெளிவான 4கே படம் என்றால் 15. ஆக, 30 அல்லது 40 எம்பிபிஎஸ் திட்டமே ஒரு குடும்பத்துக்குத் தாராளம். அதைவிடப் பெரிய திட்டத்தை விற்க வருபவரிடம் வேண்டாம் என்று சொல்லலாம்.

வேகத்தைவிட டேட்டா முக்கியம். எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை இழுக்கும். வீட்டில் நாளுக்கு நாலு மணி நேரம் ஓடினால் 12 ஜிபி, மாதத்துக்கு 360 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் ரீசார்ஜை ஹாட்ஸ்பாட் போட்டுச் சமாளித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், இரண்டாவது சீரியல் முடியும் முன்பே தீர்ந்துவிடும். ஃபைபர் திட்டங்களில் பொதுவாக மாதம் 3,300 ஜிபி வரை வேகம் குறையாது.

ஏற்காட்டில் சித்தி வீட்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். எஸ்டேட் காலத்துக் கல் சுவர் வீடு. ரவுட்டர் முன்னறையில், டிவி உள்ளறையில். ரவுட்டர் பக்கத்தில் நின்று மொபைலில் வேகம் பார்த்தால் 40 காட்டியது. டிவி முன்னால் வந்து நின்று பார்த்தால் 3. இடையில் இருந்தது ஒரே ஒரு சுவர், ஆனால் முழ அகலச் சுவர். சித்தப்பா இரண்டு மாதமாக நெட்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். ரவுட்டரை நடைவாசல் பக்கம், கதவுக்கு நேராக, ஆள் உயரத்தில் மாற்றி வைத்தோம். படம் நிற்பது நின்றுவிட்டது.

ரவுட்டரில் பெரும்பாலும் இரண்டு வைஃபை பெயர்கள் தெரியும். 5ஜி என்று முடியும் பெயர் (இது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, மொபைல் 5ஜி இல்லை) வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். மற்றது, 2.4 அலைவரிசை, வேகம் குறைவு, தூரம் போகும். டிவியும் ரவுட்டரும் ஒரே அறையில் என்றால் முதலாவது, சுவருக்கு அப்பால் என்றால் இரண்டாவது.

மலையில் புதிதாக இணைப்பு வாங்குபவர்கள் கம்பெனி வரைபடத்தைப் பார்க்காமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். டவரிலிருந்து காற்றில் வரும் 5ஜி இணையம் சேலம் ஊருக்குள் நன்றாக இருக்கலாம். ஏற்காட்டில் ஒரு மேடு குறுக்கே வந்தால் கதை மாறிவிடும். ஃபைபர் வயர் வந்திருக்கும் தெருவில் ஃபைபரே வாங்குங்கள்.

இரண்டுமே வராத எஸ்டேட் வீடு என்றால், ஓடிடி ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு டிடி ஃப்ரீ டிஷ் மாட்டுங்கள். டிஷ்ஷுக்கும் பாக்ஸுக்கும் ஒருமுறை செலவு, மாதக் கட்டணம் கிடையாது. சன், விஜய் போன்ற கட்டணச் சேனல்கள் வராது. டிஷ் பார்க்க வேண்டியது தென்கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை. அந்தத் திசையில் சில்வர் ஓக் மரம் மறைக்காத இடமாகப் பாருங்கள்.

3. கருவி: டிவியின் முதுகைப் பாருங்கள்

ஸ்மார்ட் டிவி ஏற்கெனவே இருந்தால், தாளில் எழுதிய செயலிகள் எல்லாம் அதில் இறங்குகின்றனவா என்று பாருங்கள். இறங்கினால் எதுவும் வாங்க வேண்டாம். பழைய ஸ்மார்ட் டிவிகளில் யூடியூப் ஓடும், சன் நெக்ஸ்ட் இருக்காது. அதற்கு ஒரு ஸ்டிக் வேண்டும்.

சாதாரண எல்இடி டிவி என்றால் பின்னால் அல்லது பக்கவாட்டில் தட்டையான, இரண்டு முனை சரிந்த ஒரு துளை இருக்கும். ஹெச்டிஎம்ஐ என்று எழுதியிருக்கும். அது இருந்தால் ஃபயர் டிவி ஸ்டிக்கோ கூகுள் டிவி கருவியோ எதையும் மாட்டலாம். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வட்டத் துளைகள் மட்டும் உள்ள பழைய பெட்டி டிவி என்றால், 'ஹெச்டிஎம்ஐ டு ஏவி' கன்வெர்ட்டர் ஒன்று கூடவே வேண்டும். இதே உருவத்தில் 'ஏவி டு ஹெச்டிஎம்ஐ' என்றும் கடையில் இருக்கும், அது தலைகீழாக வேலை செய்வது. பெயரைப் படித்து வாங்குங்கள்.

4. மாட்டுவது

இது பத்து நிமிட வேலை. ஸ்டிக்கை ஹெச்டிஎம்ஐ துளையில் செருகுங்கள். இடம் போதவில்லை என்றால் பெட்டியில் வரும் குட்டி நீட்டிப்பு வயரைப் பயன்படுத்துங்கள். கரண்டுக்கு டிவியின் யூஎஸ்பியில் செருகாதீர்கள். அதில் வருவது பெரும்பாலும் அரை ஆம்பியர், ஸ்டிக்குக்குப் போதாது, திடீர் திடீரென்று அணைந்து எரியும். கூட வந்த அடாப்டரை சுவர் பிளக்கில் போடுங்கள். டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' அழுத்தி, செருகிய ஹெச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை பாஸ்வேர்ட், கணக்கு, அப்டேட் எல்லாம் திரையே கேட்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், காசு கொடுத்து எதை வாங்கினாலும் ரகசிய எண் கேட்கும்படி அமைக்க மறக்காதீர்கள்.

கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு ரவுட்டருக்கென்றே மினி யூபிஎஸ் கிடைக்கிறது. ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். ஏற்காட்டுக்காரர்கள் இடி இடிக்கும்போது டிவி, ரவுட்டர் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்தே உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

5. சந்தா: எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள்

முதலில் உங்கள் ஃபைபர் திட்டத்திலும் மொபைல் ரீசார்ஜிலும் எந்தச் செயலி ஏற்கெனவே சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். என் கொண்டலாம்பட்டி நண்பன் தனியாகக் காசு கட்டிய ஒரு செயலி, அவன் இணையத் திட்டத்திலேயே இருந்தது.

அடுத்து, திட்டத்தின் பெயரில் 'மொபைல்' என்று இருந்தால் நின்று படியுங்கள். நெட்ஃபிளிக்ஸின் மிகக் குறைந்த விலைத் திட்டம் போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் ஓடும், டிவியில் ஓடாது. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டுத் திணறுபவர்கள் நிறையப் பேர்.

தாளில் அதிக வரி எந்தச் செயலிக்கோ, அதை முதலில் வாங்குங்கள். எங்கள் வீட்டில் அது சன் நெக்ஸ்ட். மற்றவற்றை மாதம் ஒன்றாக மாற்றி மாற்றி வாங்கினால் போதும். வாங்கியதும் போனில் யூபிஐ செயலியைத் திறந்து 'ஆட்டோபே' பகுதியைப் பாருங்கள். எந்தெந்தச் சந்தா தானாகக் காசு எடுக்கும் என்று அங்கே தெரியும், அங்கேயே நிறுத்தவும் முடியும். காசு எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

6. ரிமோட்: இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்

நான் முதல்முறை கோட்டைவிட்டது இங்கேதான். கேபிள் ரிமோட்டில் அம்மாவுக்கு எண்கள் மனப்பாடம். டிவியை ஆன் செய்தால் நேற்று விட்ட சேனல் தானாக வரும். ஸ்டிக்கில் ஆன் செய்தால் வருவது நாற்பது படங்களின் போஸ்டர். அறுபத்தெட்டு வயதில் அது ஒரு புது ஊருக்குள் இறக்கிவிட்ட மாதிரி.

செயலிகளின் வரிசையை மாற்றலாம். அம்மா பார்க்கும் மூன்றை மட்டும் முன்னால் கொண்டுவந்து, மற்றதையெல்லாம் பின்னால் தள்ளினேன். பிறகு சொல்லிக்கொடுத்தது மூன்றே பொத்தான்கள்: வீடு படம் போட்டது, நடுவில் இருக்கும் வட்டம், திரும்பிப் போகும் அம்புக்குறி. "எங்க மாட்டிக்கிட்டாலும் வீட்டுப் பொத்தானை அழுத்துங்கம்மா, முதல் இடத்துக்கு வந்துரும்" என்றேன். கண்ணாடி போடாமல் அந்தப் பொத்தான் தெரியவில்லை என்று, அம்மா கண்ணாடி பீரோவில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்துவந்து அதன்மேல் ஒட்டினார். சிவப்புப் பொட்டு. அன்றிலிருந்து அவர் வழி தவறவே இல்லை. ஏற்காட்டில் சித்திக்கும் அதையே செய்தேன்.

டிவியின் பழைய ரிமோட்டைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். கை தவறி 'சோர்ஸ்' பட்டுவிட்டால் திரை கறுத்து 'நோ சிக்னல்' என்று வரும். டிவி கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். ஒலி கூட்டுவதும் ஆன், ஆஃப் செய்வதும் ஸ்டிக் ரிமோட்டிலேயே வரும்படி அமைப்புகளில் செய்துவிடலாம்.

பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் அழுத்திக் காட்டாதீர்கள். ரிமோட் அவர்கள் கையில் இருக்கட்டும், உங்கள் கை மடியில் இருக்கட்டும். நாலு நாள் பொறுமை வேண்டும்.

7. ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும், பிறகு கேபிள்

ஒரு மாதம் கேபிளும் இருக்கட்டும், ஸ்டிக்கும் இருக்கட்டும். கேபிள் பாக்ஸை யாரும் ஆன் செய்யாமல் பதினைந்து நாள் போனால், அதுதான் நிறுத்த வேண்டிய நேரம்.

கேபிள்காரரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். பாக்கியைக் கட்டி ரசீது வாங்குங்கள். பாக்ஸ் அவருடையது என்றால் அதன் அடாப்டர், ரிமோட், வயரோடு திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கும் எழுதி வாங்குங்கள். முன்பு டெபாசிட் கட்டியிருந்தால் அந்த ரசீதைத் தேடி எடுத்துக் கேளுங்கள். எங்கள் தெருக் கேபிள்காரர் மழையிலும் ஏணி தூக்கிவந்து வயர் மாட்டியவர். இப்போது அவரே ஃபைபர் இணையமும் கொடுக்கிறார். கேபிளை நிறுத்திய அன்றே நான் அவரிடம் இணைய இணைப்புக்கு மாறிக்கொண்டேன். ஏதாவது நின்றால் கால்சென்டருக்குப் போன் செய்யாமல் தெருமுனைக்கு நடந்து போய்ச் சொல்ல முடிகிறது.

சுவர் வழியாக உள்ளே வரும் பழைய கேபிள் வயரை வெட்டாதீர்கள். முனையைச் சுருட்டி, டேப் சுற்றி, டிவிக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுங்கள். வீடு மாறிப் போனால் அடுத்து வருபவருக்கு அது வேண்டியிருக்கும்.