கேப்டனாகவே நின்றுவிட்டவர்களுக்கு, ஏற்காட்டிலிருந்து

ஏற்காட்டு ரிசார்ட்டுகளில் பரிமாறுகிற ஸ்டூவர்டாகவோ ரூம் பாயாகவோ சேர்கிற பலரும் நான்கைந்து வருடத்தில் கேப்டன், அதாவது பரிமாறுகிறவர்களுக்கு டேபிள் பிரித்துக் கொடுத்து மேற்பார்க்கிறவர், ஆகிவிடுவார்கள், அதோடு சரி, அங்கேயே நின்றுவிடுவார்கள். வேலை தெரியாமல் இல்லை. மூன்று தட்டை ஒரே கையில் தூக்குவார்கள், கெஸ்ட் முகத்தைப் பார்த்தே காபியா டீயா என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மேனேஜர் சீட் காலியாகும்போது கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஓர் ஆள் வந்து உட்கார்ந்துகொள்வார். எனக்கு இது இரண்டு முறை நடந்தது. இரண்டாவது முறை வயிறு எரிந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஏன் என்று புரிந்தது ஒரு மே மாத சனிக்கிழமை ராத்திரி. டைனிங் ஹால் நிரம்பி வழிகிறது. கேப்டனான நான் தோசை தூக்கிக்கொண்டு ஓடுகிறேன், தண்ணீர் ஊற்றுகிறேன், பில் போடுவதும் நானே. அப்போதிருந்த மேனேஜர் ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, நீ ரெண்டு ஆள் வேலை பாக்கறே, அங்க நாலு பேர் சும்மா நிக்கறாங்க பாரு" என்றார். திரும்பினால் புதுப் பையன்கள் நான்கு பேர், எந்த டேபிள் யாருக்கு என்றே தெரியாமல் சுவரோரம் கை கட்டி நிற்கிறார்கள். டேபிள் பிரித்துக் கொடுக்கவேண்டியவன் நான்தான்.

அந்த வருடம்தான் படிக்க ஆரம்பித்தேன். முதலில் ஏமாந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு இடத்தில் 12,000 ரூபாய் கட்டி இரண்டு நாள் வகுப்பு. டை கட்டுவது எப்படி, கை குலுக்குவது எப்படி, அப்புறம் உற்சாகமூட்டும் வீடியோக்கள், கடைசியில் பிரேம் போட்ட சான்றிதழ். அது இன்னமும் என் வீட்டு அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். செலவுக் கணக்கு, ஆட்களுக்கு ஷிப்ட் போடுவது, புகாரைக் கையாள்வது, இந்த மூன்றும் அதில் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

வீட்டில் ப்ளஸ் டூ முடித்த தம்பி தங்கை இருந்தால் ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டப்படிப்புக்கான நுழைவுத் தேர்வான என்.சி.எச்.எம். ஜே.இ.இ. எழுதச் சொல்லுங்கள். சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் ஹோட்டல் மேனேஜ்மென்ட்டுக்கென்றே கல்லூரிகள் இருக்கின்றன. வேலையில் இருக்கிற நம்மால் மூன்று வருடம் விட்டுவிட்டுப் போக முடியாது. மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தில் இருக்கிற பாடங்களைப் பார்க்கக் காசு இல்லை, சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். மழைக்காலத்துச் செவ்வாய், புதன் மதியங்களில் மலையில் நமக்கு வேறு என்ன வேலை? கிச்சன், சர்வீஸ் பக்கம் இருப்பவர்கள் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நடத்தும் ஃபோஸ்டாக் என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சியை முதலில் முடித்துவிடுங்கள். உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது அதில் சான்றிதழ் பெற்ற சூபர்வைசர் இருக்கவேண்டும் என்பது விதி. அந்த ஒருவர் நீங்கள் என்றால் முதலாளி உங்களை அத்தனை சுலபமாக விடமாட்டார்.

படித்ததை மறுநாளே வேலையில் போட்டுப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் ஒரு மாதத்தில் மறந்துவிடும். நான் முதலில் கையில் எடுத்தது டியூட்டி ரோஸ்டர், யாருக்கு எந்த நாள் வேலை, எந்த நாள் லீவு என்கிற பட்டியல். மே மாதம் நமக்குப் பெரிய தலைவலி. சீசன், கோடை விழா, அதே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வரும். மலைக் கிராமத்து ஆட்கள் திருவிழா நாளில் வேலைக்கு வரமாட்டார்கள், வரச்சொல்லவும் கூடாது. முன்பெல்லாம் முந்தின நாள் ராத்திரி அவர்களோடு சண்டை நடக்கும். இப்போது மார்ச்சிலேயே உட்கார்ந்து யாருக்கு எந்த நாள் லீவு என்று எழுதி, கீழே சேலத்திலிருந்து நான்கு பேரை அந்த நாட்களுக்கு மட்டும் பேசி வைத்துவிடுகிறேன். அவ்வளவுதான், ஆனால் இதைச் செய்ய எனக்கு ஏழு வருடம் ஆனது.

அடுத்தது எண்கள். இங்கேதான் நம்மில் பாதிப் பேர் பயந்து ஒதுங்குகிறார்கள், உண்மையில் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். 24 ரூம் இருக்கிற ரிசார்ட் என்று வையுங்கள். செவ்வாய்க்கிழமை 2,000 ரூபாய்க்கு 6 ரூம் போகிறது, வரவு 12,000. இதை 24-ஆல் வகுத்தால் 500. இருக்கிற ஒவ்வொரு ரூமும் அன்று சம்பாதித்தது அவ்வளவுதான், இதைத்தான் ரெவ்பார் என்கிறார்கள். வாடகையை 1,500 ஆக்கி 12 ரூம் போனால் வரவு 18,000, ரெவ்பார் 750. உடனே குதிக்கவேண்டாம். ரூம் ஒன்றுக்கு சோப்பு, சலவை, காலை டிபன் எல்லாம் சேர்த்து 400 செலவு என்றால் முதல் கணக்கில் நிற்பது 9,600, இரண்டாவதில் 13,200. ஒரு செவ்வாய்க்கு 3,600 கூடுதல். ஆனால் இந்த 1,500-ஐ எல்லோருக்கும் தெரிய போர்டு மாட்டினால் சனிக்கிழமை வருகிறவரும் அதே ரேட்டைக் கேட்பார், அதனால் சேலத்துக் கம்பெனிகளின் மீட்டிங், டிரெயினிங் குழுக்களுக்கு மட்டும் வார நாளில் கொடுக்கவேண்டும். இந்த யோசனையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்த அன்றுதான் எங்கள் முதலாளி என்னை முதல்முறையாக நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

கிச்சனிலும் இதே மாதிரிதான். பெப்பர் சிக்கனுக்கு பிளேட்டுக்கு 200 கிராம் என்றால் கிலோவுக்கு ஐந்து பிளேட். கை அளவில் போட்டு 250 ஆனால் நான்குதான். சனிக்கிழமை 20 கிலோ ஓடினால் 20 பிளேட் காணாமல் போகும், பிளேட் 240 ரூபாய் என்றால் 4,800. மாஸ்டரிடம் போய் "அண்ணா, கறி அதிகமாப் போடறீங்க" என்று சொன்னால் கரண்டி பறக்கும். தராசு ஒன்று வாங்கி வைத்து, இரண்டு வாரம் எழுதிக் காட்டுங்கள், அவரே குறைத்துவிடுவார்.

புத்தகம் சொல்வதை அப்படியே மலைக்குத் தூக்கி வரவும் முடியாது. கட்டிலில் ஒரு செட், சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று என்று பெட்ஷீட் மூன்று செட் போதும் என்பார்கள். ஐப்பசி மழையில், பனிமூட்டத்தில் நம் ஊரில் எதுவும் காயாது. நான்காவது செட் வேண்டும், அல்லது அடிவாரம் தாண்டிச் சேலத்துக்கு அனுப்பவேண்டும். எது மலிவு என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுங்கள், அதுவும் உங்கள் பயிற்சிதான்.

புகார் விஷயம் சுருக்கமாக: கெஸ்ட் கத்தும்போது குறுக்கே பேசாதீர்கள், என்ன செய்யப்போகிறோம், எத்தனை நிமிஷத்தில் என்று சொல்லுங்கள், லாக் புக்கில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த லாக் புக்கைப் புரட்டினால் எந்த ரூம் கீசர் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும்.

பதவி கேட்கப் போகும்போது "இத்தனை வருஷமா இருக்கேன் சார்" என்று ஆரம்பிக்கவேண்டாம், அது அவருக்கும் தெரியும். ரோஸ்டர், சிக்கன் கணக்கு, செவ்வாய்க்கிழமை ரூம் கணக்கு, மூன்று மாதத்துக்கானதை ஒரே ஃபைலில் போட்டு, சீசன் முடிந்து அவர் நிதானமாக இருக்கிற ஜூன் மாதத்தில் வையுங்கள். முடியாது என்றால் அதே ஃபைலை எடுத்துக்கொண்டு கீழே சேலத்துக்கு இறங்குங்கள். ஐந்து ரோடு பக்கம் ஒரு ஹோட்டல் இன்டர்வியூவில் என்னைக் கேட்டது இரண்டே கேள்வி: உங்கள் கீழ் எத்தனை பேர், ஃபுட் காஸ்ட், அதாவது சாப்பாட்டு விற்பனையில் பொருட்களுக்கான செலவு, எத்தனை சதவீதம். ஃபைலைத் திறந்து மேஜையில் வைத்தேன், மேலே திரும்பி வந்ததும் முதலாளியே கூப்பிட்டுவிட்டார். யார் சொன்னார்களோ தெரியாது.