ஏ.ஆர்.என். உயிரோடு இருக்கணும், போர்டும் சரியா இருக்கணும்: புதிய விநியோகஸ்தர்களுக்கு ஒரு செய்முறை

ஓய்வு பெறுகிறவர்களின் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். தருமபுரியில் ஆசிரியர்கள், மின்வாரியக்காரர்கள். ஓசூர் பக்கம் போனால் சிப்காட் கம்பெனிகளில் செட்டில்மென்ட் வாங்கி வந்தவர்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் போன் செய்தால் ஃபண்டைப் பற்றிக் கேட்பது குறைவு. "ரினியூவலுக்கு என்ன பண்ணணும்ண்ணா? போர்டுல என்ன எழுதலாம்ண்ணா?" இந்த இரண்டும்தான். ரினியூவல் என்பது ஏ.ஆர்.என். எனும் விநியோகஸ்தர் பதிவு எண்ணைப் புதுப்பிப்பது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

பரீட்சைக்குப் படிப்பது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் ஆக என்.ஐ.எஸ்.எம். என்ற நிறுவனம் நடத்தும் 5-ஏ தேர்வில் 100 கேள்வி, 2 மணி நேரம், 50 எடுத்தால் பாஸ், நெகட்டிவ் மார்க் கிடையாது. அவர்கள் தரும் புத்தகத்தை முழுதாக ஒரு தடவை படித்தவர் பாஸ் ஆகிவிடுவார்.

முதல் படி: இரண்டும் வேறு வேறு என்று புரிந்துகொள்ளுங்கள்

என்.ஐ.எஸ்.எம். தருவது சான்றிதழ். மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி தருவது ஏ.ஆர்.என். எண். சான்றிதழுக்கு ஆயுள் 3 வருடம், ஏ.ஆர்.என். அதன் முதுகில் சவாரி செய்கிறது. சான்றிதழைப் புதுப்பித்ததும் ஏ.ஆர்.என். தானாகப் புதுப்பிக்கப்படாது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். ஏ.ஆர்.என். காலாவதியானால் கமிஷன் நின்றுவிடும்.

இரண்டாம் படி: பெயரும் மின்னஞ்சலும்

எனக்கு இழுத்தடித்தது இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல்தான் வம்பு. மாதேஷ் என்று ஒருவர், அப்பா பெயர் கோவிந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் "மாதேஷ் ஜி". ஆதாரில் வெறும் "மாதேஷ்". பாஸ்புக்கில் "ஜி. மாதேஷ்". பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் அதில் மட்டும் "மாதேஷ் கோவிந்தசாமி". ஆள் ஒருவர்தான், கணினிக்கு நான்கு பேர். பான்-ஆதார் இணைப்பு பெயர் ஒத்துப்போகாமல் அப்படியே நிற்கும். கமிஷன் வரவேண்டிய வங்கிக் கணக்கிலும் கேள்வி வரும்.

பான் கார்டில் இருக்கும் பெயரை மூலமாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு மாற்றுங்கள் என்பதுதான் என் யோசனை. இந்தத் தொழிலில் எல்லாமே பான் எண்ணை வைத்துத்தான் ஓடுகிறது. முதலில் ஆதார், பிறகு வங்கி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம். ஆகவே கவுன்டரில் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள். 'கோவிந்தசாமி'யை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அடுத்தது மின்னஞ்சல். நம் பக்கம் நிறையப் பேருக்கு முதல் பதிவைச் செய்து கொடுத்தது ஏதோ ஒரு பிரவுசிங் சென்டராக இருக்கும். அங்கே இருந்த தம்பி அவசரத்துக்குத் தன் மெயிலையோ கடையின் செல் நம்பரையோ போட்டிருப்பார். 3 வருடம் கழித்துப் பார்த்தால் ஓ.டி.பி. அங்கே போகும், கடையோ மூடியிருக்கும். இன்றே லாகின் செய்து பாருங்கள். தொழிலுக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் வைத்துக்கொள்ளுங்கள். மகன் மெயில், மருமகள் மெயில் எல்லாம் வேண்டாம்.

மூன்றாம் படி: சி.பி.இ.

சான்றிதழைப் புதுப்பிக்க இரண்டு வழி: மறுபடி பரீட்சை எழுதலாம், அல்லது சி.பி.இ. எனும் தொடர்கல்வி வகுப்புக்குப் போகலாம். காலாவதி தேதிக்கு முந்தைய 12 மாதத்துக்குள் அந்த வகுப்பை முடித்திருக்க வேண்டும். தேதி தாண்டிவிட்டால் வகுப்பு செல்லாது, பரீட்சைதான்.

ஆன்லைனிலும் முடிக்கலாம். ஆனாலும் நேரில் போய் உட்காருவதுதான் எனக்குப் பிடிக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து காலை பஸ் ஏறினால் பெங்களூரு வகுப்புக்குப் போய்விட்டு ராத்திரி வீடு திரும்பிவிடலாம். டீ இடைவேளையில் மற்ற விநியோகஸ்தர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயத்தை எந்த வீடியோவும் தராது. அசல் பான் கார்டை எடுத்துப் போக மறக்காதீர்கள்.

நினைவூட்டலுக்கு எந்த ஆப்பையும் நான் நம்புவதில்லை. போன் மாறும்போது ஆப்பும் போய்விடும். புது வருடத்துத் தினசரி காலண்டர் வந்ததுமே, காலாவதி தேதிக்கு ஆறு மாதம் முன்னால் உள்ள தாளில் சிவப்பு மையில் எழுதிவிடுவேன். கிழிக்கிற அன்று கண்ணில் பட்டுத்தானே ஆகவேண்டும்.

நான்காம் படி: ஏ.ஆர்.என். புதுப்பித்தல்

புதிய சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆம்ஃபி தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுங்கள். பெயர் விவகாரத்தை முன்பே முடித்திருந்தால் இங்கே வேலை சீக்கிரம் ஆகிவிடும். இதோடு நிதியாண்டுக்கு ஒரு முறை தரவேண்டிய சுய உறுதிமொழியும் இருக்கிறது. நான் ஏப்ரலிலேயே கொடுத்துவிடுவேன்.

ஐந்தாம் படி: போர்டு, விசிட்டிங் கார்டு

"ஓய்வூதிய ஆலோசகர்" என்று போட்டால் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் போடக் கூடாது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2020-இல் விதிகளைத் திருத்தி, விநியோகஸ்தர்கள் 'இன்டிபென்டென்ட் ஃபைனான்ஷியல் அட்வைசர்', 'வெல்த் அட்வைசர்' போன்ற பெயர்களைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆலோசகர் என்று போட வேண்டுமானால் செபியிடம் தனிப் பதிவு வேண்டும், அதற்குத் தேர்வுகளும் வேறு. நாம் போட வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் பெயர், "ஆம்ஃபி பதிவு பெற்ற மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்", ஏ.ஆர்.என். எண்.

ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவர் அழகுக்காக அவராகவே 'கன்சல்டன்ட்' என்று சேர்த்துவிடுவார். கூடவே ரூபாய் நோட்டு மழை, மேலே ஏறும் அம்பு, "உத்தரவாத வருமானம்" என்று ஒரு நட்சத்திரம். பிரிண்ட்டுக்கு முன் வாட்ஸ்அப்பில் வரும் மாதிரியைப் பெரிதாக்கிப் பாருங்கள். உத்தரவாதம் என்ற சொல் ஸ்டேட்டஸில் கூட வரக் கூடாது. கமிஷனில் பங்கு தருகிறேன் என்று ஆள் பிடிப்பதும் ஆம்ஃபி நடத்தை விதிகளுக்கு விரோதம்.

ஆறாம் படி: எண்ணை வாடிக்கையாளர் கையிலேயே தேடவிடுங்கள்

எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விளம்பரம் இல்லை. 2012-இல் ஈமு கோழி நிறுவனங்கள் சரிந்ததை நம் பக்கத்து ஆட்கள் மறக்கவில்லை. பிரேம் போட்ட சான்றிதழை அப்போதும் சுவரில் மாட்டித்தான் வைத்திருந்தார்கள் என்பார்கள். நியாயம்தானே.

அதனால் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்ததும், "உங்க போனை எடுங்க சார்" என்று சொல்லி, ஆம்ஃபி தளத்தில் விநியோகஸ்தரைத் தேடும் பக்கத்துக்குப் போகச் சொல்வேன். எண்ணை அவரே அடிப்பார். என் பெயரும் எதுவரை செல்லும் என்ற தேதியும் அவர் திரையில் வரும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தன் சங்க வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அதைப் பார்த்து வந்தவர்கள், போர்டைப் பார்த்து வந்தவர்களைவிட அதிகம்.

"மாசம் எவ்வளவு கேரண்டியா வரும்?" என்று அடுத்த கேள்வி வரும். கேரண்டி வேண்டும் என்பவரைத் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு அனுப்பிவிடுவேன். 30 லட்சம் வரை போடலாம். எனக்கு அதில் ஒரு பைசா கிடையாது. மிச்சப் பணத்தோடு அவரே திரும்பி வந்த சந்தர்ப்பங்கள் உண்டு.

பிற்சேர்க்கை

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பின்னூட்டத்தில், "இந்த வயசுல 5-ஏ எழுத முடியுமா தம்பி?" என்று கேட்டிருந்தார். தாராளமாக எழுதலாம் சார். உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. குறைந்தது 10 வருடம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி அதிகாரிகள், அரசு அலுவலர்கள் ஆகியோருக்கும் அஞ்சல் முகவர்களுக்கும் 5-பி என்று எளிமையான தேர்வு உண்டு. 50 மார்க்தான். ஆனால் அதை வைத்து எளிமையான சில வகை ஃபண்டுகளை மட்டுமே விற்க முடியும். பழைய சக ஆசிரியர்களுக்கு மட்டும் செய்து கொடுக்கப் போகிறீர்கள் என்றால் 5-பி போதும். முழு நேரத் தொழிலாக எடுப்பதாக இருந்தால் நேராக 5-ஏவுக்கே பணம் கட்டுங்கள்.