காடு வளர்ப்புக்கு ஏற்ற விதை மூலத்தைக் கண்டறியும் ஆய்வுத் திடலை அமைப்பது எப்படி?

புதிதாகக் காடு வளர்க்கும்போது எந்த மரத்தை நடுவது என்பதோடு, அதன் விதை எங்கிருந்து வரவேண்டும் என்பதையும் ஆய்ந்து முடிவு செய்ய வேண்டும். ஏனெனில் ஒரே இனத்து மரங்களே, தாய்மரங்கள் நின்ற இடத்தின் தட்பவெப்பத்திற்கேற்ப, வறட்சியையும் உறைபனியையும் வெவ்வேறு அளவில் தாங்குகின்றன.

உள்ளூர் விதையுடன், வருங்காலத்தில் இங்கு எதிர்பார்க்கப்படும் வெப்பத்தை இன்றே சந்தித்துவரும் பகுதிகளின் விதைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியிலும், தள்ளித்தள்ளி நிற்கும் பல தாய்மரங்களிலிருந்து விதை திரட்ட வேண்டும். ஒற்றை மரத்தின் விதை அந்த மரத்தைப் பற்றி மட்டுமே சொல்லும்.

கன்றுகளை ஒரே நாற்றங்காலில் வளர்த்து, திடலைப் பல தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எல்லா மூலங்களும் குலுக்கல் முறையில் இடம்பெறுமாறு நடுங்கள். ஓர வரிசை மரங்களுக்குக் கூடுதல் வெளிச்சம் கிடைப்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

முதல் சில ஆண்டுகளில் பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கையையும் உயரத்தையும், மரமான பின் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டத்தையும் அளக்க வேண்டும். குளிர்ப்பகுதிகளில் மொட்டு விரியும் நாளைக் குறிப்பதை நான் இவற்றினும் முக்கியமாகக் கருதுகிறேன்: முந்தித் துளிர்த்த கன்றின் நுனித்தளிர் பருவம் கடந்து பிந்தி வரும் ஒரே இரவு உறைபனியில் கருகிவிட்டால், பக்க மொட்டுகள் போட்டியிட்டு எழுந்து, தண்டு கவையாகப் பிரிந்துவிடும்.

பன்னாட்டு வன ஆராய்ச்சி அமைப்புகளின் ஒன்றியம் 1938இல் தொடங்கிய இத்தகைய விதை மூல ஒப்பாய்வுகள் பல பத்தாண்டுகள் கழித்தும் தரவு தந்தன. ஆகவே திடலின் வரைபடத்தையும் விதைப் பதிவேட்டையும் இரண்டு இடங்களிலாவது பாதுகாத்து வையுங்கள்.