இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முன்பல் விழுந்துவிட்டால்

முன்பல் போனதும் ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) ஓட வேண்டாம்; அவர் பல் வைத்தியம் பார்ப்பதில்லை. என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் பல் மருத்துவரை நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும். வீட்டுப் பக்கத்தில்தான் என்ற கட்டாயம் இல்லை, அடுத்த ஊரிலும் கேட்கலாம். வீக்கம், தாங்க முடியாத வலி என்றால் என்.எச்.எஸ். உதவி எண் 111க்கு அழையுங்கள்.

இம்ப்ளான்ட்டை, அதாவது தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் மாட்டும் பல்லை, என்.எச்.எஸ். சாதாரணமாகத் தராது. வாய்ப் புற்றுநோய், பெரிய விபத்து போன்றவற்றுக்குத்தான் தரும். மருத்துவர் தேவை என்று கண்டால் பிரிட்ஜோ (பக்கத்துப் பல்லைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) கழற்றி மாட்டும் பல்லோ மூன்றாம் கட்டணப் பிரிவில் கிடைக்கும். 2025 ஏப்ரல் கணக்கில் 326.70 பவுண்டு. தனியாரில் ஒரு இம்ப்ளான்ட் பெரும்பாலும் 2,000 பவுண்டைத் தாண்டும். ஸ்கேன், எலும்பு குறைந்த இடத்தில் நிரப்பும் எலும்புத் தூள், தற்காலிகப் பல், அபட்மென்ட் (திருகையும் பல்லையும் இணைக்கும் துண்டு), கேப் (மேலே தெரியும் பல்) எல்லாம் சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள். மலிவு விளம்பரம் பல நேரம் திருகின் விலையை மட்டும்தான் சொல்லும்.

முன்பல்லில் பாடுபடுத்துவது எலும்புதான். உதட்டுப் பக்கச் சுவர் பலருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பல் போனதும் அது கரையத் தொடங்கும். ஓராண்டில் அந்த எலும்பு மேட்டின் அகலம் பாதியாகிவிடலாம், அதிலும் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே. திருகுக்கு உதட்டுப் பக்கம் 2 மி.மீ. எலும்பும், பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மி.மீ. இடைவெளியும் வேண்டும். கொஞ்சம் முன்னால் தள்ளி இறக்கிவிட்டால் ஈறு மேலேறி, புதுப்பல் மட்டும் நீளமாகத் தெரியும். ஈறு மெல்லிசாக இருந்தால் உலோகம் சாம்பலாக நிழலடிக்கும். அப்போது சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் அபட்மென்ட் கேளுங்கள். சிமென்ட் வைத்து ஒட்டுவதைவிடத் திருகி மாட்டும் கேப் நல்லது. ஈறுக்கடியில் தங்கிய சிமென்ட் பிறகு சீழ் பிடிக்கவைக்கும்.

லீவில் ஊருக்குப் போய் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் கவனிக்க: திருகும் எலும்பும் ஒன்றாகப் பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், எலும்பு சேர்த்தால் இன்னும் கூடும். மூன்று வார லீவில் அடங்காது, இரண்டு பயணம் வேண்டும். அங்கே வைத்துக்கொண்டால் கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் எண் உள்ள அட்டையை வாங்காமல் கிளம்பாதீர்கள். பின்னால் பல்லை மாட்டிய சிறு திருகு தளர்ந்தால், அதற்குப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் எது என்று தெரியாமல் இங்குள்ளவர்கள் கைவைக்கத் தயங்குவார்கள்.

இம்ப்ளான்ட் முடியும்வரை பொக்கையாக நடமாட வேண்டியதில்லை. பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் மேரிலேண்ட் பிரிட்ஜ் போதும். பல்லை ராவுவது மிகக் குறைவு. ஒற்றை இறக்கை (பல்லில் ஒட்டும் தகடு) உள்ளதையே கேளுங்கள். இரண்டு இறக்கை என்றால் ஒன்று விட்டுப்போனாலும் மற்றது தாங்கிக்கொண்டிருக்கும், தெரியாமலே உள்ளே சொத்தை விழும். முறுக்கு, கரும்பு இரண்டையும் கடைவாயில் கடியுங்கள்.

படிக்க வந்த பதினெட்டு, இருபது வயதுக்காரர்களுக்கு இந்தப் பிரிட்ஜே சரி. முகத்தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம். பக்கத்துப் பற்கள் இறங்கிவர, இம்ப்ளான்ட் மட்டும் அறைந்த ஆணிபோல மேலேயே நின்றுவிடும்.