பூட் மேனேஜர் அப்டேட்: கணினி எழாமல் போவதற்குக் காரணமான தவறுகள்

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து லாகின் திரை வரும் வரை இயங்குதளத்தைத் தேடி ஏற்றும் சிறிய நிரலான பூட் மேனேஜருக்கு இருக்கும் வேலை சில வினாடிகள்தான். ஆனால் அந்தச் சில வினாடிகளுக்கான பொருட்கள் கணினியில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. 'எந்த டிஸ்கில் எந்தக் கோப்பை ஓட்ட வேண்டும்' என்ற பதிவு மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. அந்தக் கோப்பு, கணினி எழுவதற்கான கோப்புகளுக்கென்றே டிஸ்கில் ஒதுக்கப்பட்ட ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் இருக்கிறது. மெனுவில் என்னென்ன வர வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பு வேறொரு அடைவில் இருக்கலாம். ஏற்றப்போகும் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அது தொடங்கும்போது பயன்படுத்தும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இன்னோர் இடத்தில் இருக்கலாம். லினக்ஸில் பயன்படும் கிரப், சிஸ்டம்டி-பூட், ரீஃபைண்ட் என எந்தப் பூட் மேனேஜரை எடுத்தாலும் இந்த நாலும் உண்டு. நான் பார்த்தவரை, அப்டேட்டுக்குப் பிறகு கணினி எழாமல் போனவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது ஒன்றுதான்: இந்த நாலில் ஒன்று புதிதாகிவிட்டது, இன்னொன்று பழையதாகவே நின்றுவிட்டது.

பேக்கேஜ் புதிது, ஓடுவது பழையது

பேக்கேஜ் அப்டேட் ஆனதும் பூட் மேனேஜரும் அப்டேட் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கிரப் பேக்கேஜ் வந்து உட்காருவது இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனில். கணினி எழும்போது ஓடுவதோ ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும் பிரதி. அந்தப் பிரதியை மாற்றும் வேலை கிரப்-இன்ஸ்டால் என்ற கட்டளையுடையது. டெபியன், உபுண்டு ஆகிய டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸின் வெவ்வேறு தொகுப்புகள்) அதைத் தாமே ஓட்டிவிடும். ஆர்ச் லினக்ஸ் அதைப் பயனரிடம் விட்டுவிடுகிறது.

2022 ஆகஸ்ட் இறுதியில் ஆர்ச்சிலும் அதை அடிப்படையாகக் கொண்ட டிஸ்ட்ரோக்களிலும் நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். கிரப்பின் மெனுவில் 'ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளுக்குச் செல்' என்று ஒரு வரி உண்டு. அந்த வசதி இல்லாத கணினியில் அந்த வரி தெரியக்கூடாது என்று ஒரு மேம்பாடு செய்தார்கள். மெனு வருவதற்கு முன்பே, 'இந்த வசதி இருக்கிறதா' என்று எஃப்டபிள்யூசெட்டப் கட்டளையைக் கேட்கும்படி அமைப்புக் கோப்பு எழுதப்பட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் பலர் அமைப்புக் கோப்பை மட்டும் புதிதாக உருவாக்கினார்கள், கிரப்-இன்ஸ்டால் ஓட்டவில்லை. ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருந்த பழைய கிரப்புக்கு அந்தக் கேள்வியே தெரியாது. அதற்குத் தெரிந்தது கட்டளையின் பெயர் மட்டும். உடனே அந்தக் கட்டளையைச் செயல்படுத்தி, கணினியை ஃபர்ம்வேர் அமைப்புத் திரைக்கு ரீபூட் செய்துவிட்டது. மறுபடி தொடங்கினால் மறுபடி அதே திரை. மெனு வரவே இல்லை. லைவ் யூஎஸ்பியில் எழுந்து, டிஸ்கில் இருக்கும் லினக்ஸுக்குள் குரூட் கட்டளையால் நுழைந்து, கிரப்-இன்ஸ்டாலை ஓட்டி, அமைப்புக் கோப்பையும் மறுபடி உருவாக்கியவர்கள் மீண்டார்கள். இரண்டு கட்டளைகளையும் எப்போதும் சேர்த்தே ஓட்டுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பழைய பயாஸ் முறையில் எழும் கணினிகளில் இதே கோளாறு வேறு விதமாக வரும். டிஸ்கின் முதல் செக்டர் 512 பைட். அதில் பூட் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்தான். அதனால் கிரப் தன் மையப் பகுதியை அந்த செக்டருக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் வைத்துக்கொண்டு, மீதி வேலைகளுக்கான மாட்யூல்களை (தேவைப்படும்போது ஏற்றும் நிரல் துண்டுகள்) பூட் அடைவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த அப்டேட்டில், புதிய மாட்யூல்கள் கிரப்_காலாக் என்ற புதிய செயற்கூற்றை எதிர்பார்த்தன. மையப் பகுதி பழையதாகவே இருந்த கணினிகளில், அந்தச் செயற்கூறு கிடைக்கவில்லை என்ற செய்தியோடு கிரப் ரெஸ்க்யூ திரையில் நின்றுவிட்டது.

இதில் நானும் மாட்டினேன். என் கணினியில் இரண்டு டிஸ்க்குகள். அப்டேட் ஒரு டிஸ்கின் தலையில் எழுதியது. ஃபர்ம்வேர் படித்தது மற்றதை. இடையில் ஒருமுறை பூட் வரிசையை மாற்றியிருந்தேன், அதை மறந்தே போயிருந்தேன். டிஸ்க் மாற்றினாலோ வரிசையை மாற்றினாலோ, கிரப் எந்த டிஸ்கில் எழுதப்பட வேண்டும் என்று பேக்கேஜுக்கும் சொல்லிவிட வேண்டும். டெபியன் குடும்பத்தில் அதற்கு டிபிகேஜி-ரீகான்ஃபிகர் போதும்.

ஒரு டிஸ்ட்ரோவின் வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்வது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு ஃபெடோராவில் போய் கிரப்-இன்ஸ்டால் ஓட்டாதீர்கள். யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த ஃபர்ம்வேர் முறை) கணினியில் அந்தக் கட்டளையை வற்புறுத்தி ஓட்டினால் அது புதிதாக ஒரு கிரப் கோப்பை உருவாக்கும், அதில் ஃபெடோராவின் கையொப்பம் இருக்காது. நம்பகமான கையொப்பம் உள்ள கோப்புகளை மட்டுமே ஓட விடும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் கணினி அதை ஏற்காது. அங்கே சரியான வழி, ஷிம் (செக்யூர் பூட் ஏற்கும் கையொப்பத்தோடு கிரப்புக்கு முன் ஓடும் சிறிய நிரல்) பேக்கேஜையும் கிரப்பின் ஈஎஃப்ஐ பேக்கேஜையும் மறுபடி நிறுவுவது. அதேபோல ஃபெடோரா 34 முதல், ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும் அமைப்புக் கோப்பு உண்மையான மெனுவுக்கு வழிகாட்டும் சில வரிகள் மட்டுமே. பழைய குறிப்பைப் பார்த்து அதன் மேல் முழு மெனுவை எழுதிவிட்டால், அடுத்தடுத்த மாற்றங்கள் எதுவும் மெனுவில் தெரியாமல் போகும். குறிப்பு எந்த ஆண்டில், எந்த டிஸ்ட்ரோவுக்காக எழுதப்பட்டது என்று பார்க்காமல் பூட் சம்பந்தமான ஒரு கட்டளையையும் ஓட்ட வேண்டாம்.

அப்புறம், தானாக உருவாகும் கிரப்.சிஎஃப்ஜி கோப்பைக் கையால் திருத்துவது. அடுத்த கெர்னல் வந்ததும் திருத்தம் அழிந்துவிடும். மாற்ற வேண்டியது ஈடிசி அடைவுக்குள் இருக்கும் டீஃபால்ட் கிரப் கோப்பை.

விண்டோஸ் மெனுவிலிருந்து காணாமல் போனால் அது அழிந்துவிட்டது என்று பதறுகிறவர்களும் உண்டு. 2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தெரியாத பார்ட்டிஷன்களை எல்லாம் மவுண்ட் செய்து, அதாவது இணைத்துத் திறந்து, பார்ப்பது பாதுகாப்பில்லை என்பதுதான் காரணம். அதே டீஃபால்ட் கோப்பில் ஒரு வரியை மாற்றி அதைத் திரும்ப இயக்கலாம். விண்டோஸை மறுபடி நிறுவத் தேவையே இல்லை.

பூட் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாமலேயே அப்டேட் செய்வது

சிஸ்டம்டி-பூட் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அதில் கெர்னல்கள் பெரும்பாலும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே இருக்கும். ஏதோ காரணத்தால் அந்தப் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாத நிலையில் அப்டேட் ஓடினால், புதிய கெர்னல் ரூட் பார்ட்டிஷனில் இருக்கும் வெறும் பூட் அடைவுக்குள் போய் விழுந்துவிடும். திரையில் எந்தப் பிழையும் தெரியாது. ஆனால் பழைய கெர்னலுக்கான மாட்யூல்கள் நீக்கப்பட்டிருக்கும். அடுத்த முறை எழும்போது ஓடுவது பழைய கெர்னல், அதற்கு மாட்யூல்கள் இல்லை. வைஃபை வராது, சில நேரம் யூஎஸ்பி கீபோர்டுகூட வேலை செய்யாது. பலர் இதை டிரைவர் பிரச்சினை என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவார்கள். ஓடும் கெர்னலின் எண்ணையும் நிறுவப்பட்ட மாட்யூல்களின் எண்ணையும் ஒப்பிட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இடப் பற்றாக்குறையும் இதன் உறவுதான். விண்டோஸ் தானாக உருவாக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் பல கணினிகளில் 100 எம்பி மட்டுமே. விண்டோஸுக்கு அது போதும். ஆனால் இரண்டு மூன்று கெர்னல்களும் அவற்றின் இனிட்ராம்எஃப்எஸ் கோப்புகளும் அதில் அடங்காது. இடம் தீர்ந்த நேரத்தில் பாதியில் நின்றுபோன இனிட்ராம்எஃப்எஸ் ஒன்று போதும், அடுத்த பூட்டில் கெர்னல் பீதியடைந்து நிற்கும். புதிதாக நிறுவுகிறவர்கள் அதற்கு 1 ஜிபி ஒதுக்கிவிடுங்கள். ஏற்கெனவே சிறியதாக இருந்தால், கெர்னல்களுக்கு மட்டும் தனியாக ஒரு விரிவாக்கப் பூட் பார்ட்டிஷனை வைக்க சிஸ்டம்டி-பூட் அனுமதிக்கிறது.

கோப்பு முறைமை முந்திக்கொள்வது

பூட் மேனேஜருக்கு டிஸ்கைப் படிக்கும் திறன் கெர்னலுக்கு இருக்கும் அளவுக்குக் கிடையாது. கிரப் தனக்கென்று எழுதப்பட்ட சிறிய டிரைவர்களை வைத்துத்தான் எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளைப் படிக்கிறது. 2023 தொடக்கத்தில் வந்த, எக்ஸ்ட்4க்கான கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.47, புதிதாக உருவாக்கும் எக்ஸ்ட்4 பார்ட்டிஷன்களில் மெட்டாடேட்டா செக்சம் சீட் என்ற வசதியை இயல்பாகவே சேர்க்கத் தொடங்கியது. அப்போது புழக்கத்தில் இருந்த கிரப் 2.06க்கு அது தெரியாது. கெர்னல் அந்தப் பார்ட்டிஷனை அழகாகப் படிக்கும். கிரப்போ 'தெரியாத கோப்பு முறைமை' என்று சொல்லி நிற்கும். 2023 டிசம்பரில் வந்த கிரப் 2.12இல்தான் அது சரியானது. மறையாக்கத்திலும் இதே கதை. லினக்ஸின் டிஸ்க் மறையாக்க முறையான லக்ஸ்2, கடவுச்சொல்லிலிருந்து சாவியை உருவாக்க இயல்பாகப் பயன்படுத்தும் ஆர்கான்2 முறையை கிரப் 2.06ஆல் திறக்க முடியாது. பூட் பார்ட்டிஷனையும் மறையாக்கம் செய்தவர்கள் கடவுச்சொல் சரியாக இருந்தும் வெளியே நின்றார்கள்.

பூட் மேனேஜர் படிக்க வேண்டிய பார்ட்டிஷனைப் பழைய, எளிமையான அமைப்பிலேயே வைத்திருங்கள். புதிய வசதிகளை ரூட் பார்ட்டிஷனில் எவ்வளவு வேண்டுமானாலும் முயலலாம்.

செக்யூர் பூட்டை நிரந்தரமாக அணைத்துவிடுவது

பிரச்சினை வந்ததும் பலரும் முதலில் செய்வது இதுதான். தற்காலிகமாக அணைப்பதில் தப்பில்லை, சில நேரம் அது தேவையும்கூட. அப்படியே விட்டுவிடுவதுதான் தவறு. அது ஏன் மறுத்தது என்று தெரிந்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

முதலில், ஓட்டையுள்ள பழைய பூட் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தடைப் பட்டியலில் சேர்த்து வந்தார்கள். அந்தப் பட்டியல் மதர்போர்டின் சிறிய நினைவகத்தில் இருக்கிறது. அதன் அளவு 32 கேபி என்று வைத்தால், பூட்ஹோல் ஒன்றுக்கு மட்டுமே ஏறத்தாழ 10 கேபி போய்விட்டது. அதனால் 2021இல் எஸ்பாட் என்ற முறை வந்தது. ஷிம், கிரப் போன்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமுறை எண். 'இந்த எண்ணுக்குக் கீழே இருப்பது எதுவும் ஓடக்கூடாது' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். உண்மையிலேயே அருமையான யோசனை இது.

2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் இந்த எண்ணை உயர்த்தியது. லினக்ஸும் சேர்ந்து இருக்கும் கணினிகளில் அது உயர்த்தாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் சில கணினிகளில் லினக்ஸ் இருப்பதை அது கண்டுகொள்ளவில்லை. பழைய ஷிம் வைத்திருந்தவர்களுக்கு 'எஸ்பாட் தரவைச் சரிபார்க்க முடியவில்லை, பாதுகாப்புக் கொள்கை மீறல்' என்ற செய்தி வந்து கணினி அணைந்தது. செக்யூர் பூட்டைச் சிறிது நேரம் அணைத்து, லினக்ஸில் எழுந்து, மோக்யூடில் கட்டளையால் எஸ்பாட் கொள்கையை நீக்கி, ரீபூட் செய்து, செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்கியவர்கள் தப்பித்தார்கள். ஷிம்மை அப்டேட் செய்தால் நிரந்தரமாகச் சரியாகும். நிறுவியதற்குப் பின் ஆண்டுக்கணக்கில் ஷிம்மைத் தொடாமல் இருந்தவர்கள்தான் இதில் அதிகம் சிக்கியிருப்பார்கள்.

இதே காரணத்துக்காக இன்னொன்றையும் கவனியுங்கள். லினக்ஸ் ஷிம்களுக்குக் கையொப்பமிட்டு வந்த மைக்ரோசாஃப்ட்டின் 2011 சான்றிதழின் காலம் 2026 ஜூனோடு முடிகிறது. பொதுவாக ஃபர்ம்வேர்கள் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை என்பதால் பழைய ஷிம் அன்றே நின்றுவிடாது. ஆனால் புதிய ஷிம்கள் 2023 சான்றிதழால் கையொப்பமிடப்பட்டு வரும்போது அதை ஃபர்ம்வேர் அறிந்திருக்க வேண்டும். ஃபர்ம்வேர் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

செக்யூர் பூட்டையோ பூட் வரிசையையோ தொடும் முன், விண்டோஸில் டிஸ்கை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள், 48 இலக்க மீட்பு எண்ணையும் வேறொரு சாதனத்தில் எழுதி வையுங்கள். அது அந்தக் கணினிக்குள் மட்டுமே இருந்து எந்தப் பயனும் இல்லை.

இருக்கும் ஒரே கதவை மாற்றிப் பார்ப்பது

சில மதர்போர்டுகள் ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு பூட் பதிவுகளை மறந்துவிடும். டிஸ்கைக் கழற்றி மாட்டினாலே நீக்கிவிடுபவையும் உண்டு. அப்போது ஃபர்ம்வேர் தேடுவது ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் பூட் என்ற அடைவுக்குள் இருக்கும் பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ கோப்பை. அங்கே உங்கள் பூட் மேனேஜரின் பிரதி ஒன்றை வைத்திருப்பது நல்லது. ஷிம் வழியாக எழும் டிஸ்ட்ரோக்கள் பெரும்பாலும் தாமே அதைப் பார்த்துக்கொள்ளும். கையால் வைத்தவர்கள் அந்தப் பிரதியை அப்டேட் செய்ய மறந்துவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவசரத்துக்குத் தேவைப்படும்போது அது பழைய அமைப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

லினக்ஸ், மதர்போர்டு நினைவகத்தின் பதிவுகளைக் கோப்புகளைப் போலக் காட்டும். அவற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று கண்டபடி நீக்கக் கூடாது. 2016இல், முழு ரூட்டையும் அழிக்கும் கட்டளை அந்தப் பதிவுகளையும் சேர்த்து அழித்து, ஒரு மடிக்கணினியை எழவே முடியாமல் செய்துவிட்ட செய்தி பரவியது. அதற்குப் பிறகு கெர்னல் 4.5இலிருந்து பெரும்பாலான பதிவுகள் எளிதில் அழியாதபடி பூட்டப்பட்டன. ஆனாலும் ரூட் அனுமதி இருந்தால் அந்தத் தடையை நீக்க முடியும் என்பதால் கவனம் தேவைதான்.

பூட் மேனேஜரின் புதிய பதிப்பைச் சோதிக்க விரும்புகிறவர்கள், அல்லது நிரலைத் தாங்களே மாற்றி எழுதுகிறவர்கள், முதலில் கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில், அதற்கான ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேரோடு ஓட்டிப் பார்க்கிறார்கள். சரி, ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. ஓவிஎம்எஃப் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றும். உண்மையான மதர்போர்டுகள் அப்படி இல்லை. சில, விண்டோஸ் பூட் கோப்பு இருக்கும் பாதையைத் தவிர வேறெதையும் மதிப்பதில்லை.

உண்மையான கணினியில் சோதிக்கும்போது பழைய கோப்பின் மேல் எழுதாமல், புதியதை வேறு பெயரில் தனி அடைவில் வையுங்கள். ஈஎஃப்ஐ பூட் மேனேஜர் கருவியால் அதற்கு ஒரு பதிவு உருவாக்கி, வரிசையில் முன்னால் நகர்த்தாமல், 'அடுத்த முறை மட்டும்' என்று குறியுங்கள். அது ஓடாவிட்டால் கணினியை அணைத்து மறுபடி இயக்குங்கள், பழையது எழும். சிஸ்டம்டி-பூட்டில் கெர்னல்களுக்கே இந்த வசதி உண்டு. மெனுப் பதிவின் கோப்புப் பெயரில் +3 என்று சேர்த்தால் மூன்று முயற்சிகள் கிடைக்கும். அவற்றில் ஒன்றுகூட வெற்றிகரமாக முடியவில்லை என்றால் அந்தப் பதிவு வரிசையின் கடைசிக்குப் போய்விடும், முன்பு ஓடிய கெர்னல் தானாக எழும். நீங்கள் அருகில் இல்லாத சர்வர் என்றால் இந்த எண்ணைச் சேர்க்காமல் ரீபூட் செய்ய வேண்டாம்.