உயிர்வேலிக்கு எத்தனை செடிகள் வாங்க வேண்டும்?

நாற்றுப்பண்ணைக்குப் புறப்படும் முன், வேலி அமையவிருக்கும் வழியை அளவு நாடாவால் தரையோடு ஒட்டி அளந்துகொள்ள வேண்டும். குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் சரிவான விளைகளில் (தோட்ட நிலங்களில்), சர்வே வரைபடத்திலுள்ள கிடைமட்ட நீளத்தை மட்டும் நம்பினால் செடிகள் குறைந்துவிடும்.

சதுரமான 10 சென்ட் மனையின் ஒரு பக்கம் 66 அடி. சுற்றளவு 264 அடி. வாசலுக்கு 10 அடி கழித்தால் 254 அடி எஞ்சும். செம்பருத்தியை ஒன்றரை அடி இடைவெளியில் நடுவதானால், 254-ஐ 1.5-ஆல் வகுக்கக் கிடைக்கும் 169.3-ஐ 170 என முழுமையாக்கி, கடைசி முனைக்காக ஒன்றைக் கூட்ட, 171 செடிகள் தேவைப்படும். இந்த ஒன்றைத்தான் பலரும் மறக்கிறார்கள்; வாசல் தூணருகே ஓட்டை தெரிந்த பிறகே நினைவுக்கு வருகிறது. வாசலின்றி முழுதும் சுற்றி வரும் வேலிக்கு அது வேண்டாம். இரட்டை வரிசைக்கு எண்ணிக்கையும் இரட்டிப்பாகும்.

எல்லையோரத் தென்னை மூட்டில் வேர்கள் பின்னிக் கிடந்து மண்வெட்டி இறங்காது என்பதால், மரத்துக்கு இரண்டு செடிகளைக் கழித்துவிடலாம். பட்டுப்போகும் செடிகளுக்கு ஈடாகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குவது வழக்கம். ஜூன் மழையில் நடுகிறவருக்கு அதில் பாதியே போதும் என்பது என் எண்ணம். கிளுவை நடுவோர் இதே கணக்கில் போத்துகளை (நடுவதற்கு வெட்டிய கிளைகளை) திரட்டலாம். பக்கத்து வேலியின் கிளைகளை வெட்டிக் கழிக்கும் நாளில் கேட்டால் விலையின்றியே கிடைக்கும்.