திருகோணமலையில் குடும்ப மருத்துவராகச் சேர்கிறீர்களா? ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

தனியார் கிளினிக் ஒன்றில் சேரும்போது பெரும்பாலும் இரண்டு வழி சொல்வார்கள்: மாதச் சம்பளம், அல்லது பார்க்கும் நோயாளிக்கு இவ்வளவு என்ற பங்கு. பங்குத் தொகை கேட்கும்போது கூடுதலாகத்தான் தெரியும். சம்பளத்தோடு வருவதையும் கணக்கில் எடுங்கள். ஊழியராகச் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 8 வீதம். பங்குக்கு வேலை செய்தால் பொதுவாக இதில் எதுவும் கிடையாது, லீவு எடுத்த நாளுக்குக் காசும் இல்லை.

அப்புறம் இடம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை சுற்றுலாக் கூட்டம். மாரி மழை தொடங்கினால் அந்த வரும்படி இருக்காது. அங்கே பங்குக்குச் சேர்வதானால், மாதம் குறைந்தது இவ்வளவு என்று ஓர் அடித்தொகையை எழுத்தில் வாங்குங்கள். நகருக்குள் வழமையான குடும்பங்கள் வரும் கிளினிக் என்றால், சரி, பங்கே மோசமில்லை என்பேன்.

விலகிய பிறகு பக்கத்தில் சொந்தக் கிளினிக் போடக் கூடாது என்ற வரி இருந்தால், எத்தனை மாதம், எவ்வளவு தூரம் என்று கையெழுத்துக்கு முன்பே பேசிக் குறையுங்கள்.